விஷ்ணுபுரமும் ஒரு மலையக வாசகனும்

(உடப்புசல்லாவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



யாருடைய நினைவாக இன்று இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் எனக்கும் ஆசிரியர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்து அலுமாரியில் இருந்த நாற்பது ஐம்பது புத்தகங்களையும் வாரத்துக்கு ஒன்றாக என் கையில் கொடுத்தவர். திருப்பிக் கொடுக்கப் போனால் மேசைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்பார். நான் கதையைச் சொல்லத் தொடங்குவேன். கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "அது பொஸ்தகத்துல இருக்கு. ஒனக்கு என்னா தோணுச்சு, அதைச் சொல்லு."

அந்தக் கேள்விக்கு ஒரு புத்தகத்தின் விஷயத்தில் நான் பதினைந்து வருடங்கள் பதில் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பதிலைத்தான் இன்று அவர் பெயரால் நடக்கும் இந்த மேடையில் சொல்ல வந்திருக்கிறேன். புத்தகத்தின் பெயர் 'விஷ்ணுபுரம்'. எழுதியவர் ஜெயமோகன். 1997இல் வெளிவந்தது. நவீனத் தமிழில் மிகுபுனைவாக எழுதப்பட்ட நாவல்களில் இதைப்போல நீண்டதும், இதைப்போலப் புகழப்பட்டதும் குறைவு. அதை வாசித்து நான் ஏமாந்துபோனேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். 1903, 1904ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஒரு ரயில்பாதை போட்டார்கள். இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை. அதன் பெயர் உடப்புசல்லாவை ரயில்பாதை. ஆனால் அந்த ரயில் இராகலையோடு நின்றுவிட்டது, உடப்புசல்லாவைக்கு ஒருநாளும் வரவில்லை. 1940களில் பாதையையே மூடிவிட்டார்கள். என் அப்பா சின்ன வயதில் அதைப் பார்த்தவர். "பேரு நம்ம பேரு, வண்டி நம்மகிட்ட வரல" என்று சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. வராமல் போனதற்கு நம்மிடம்தான் ஏதோ குறை இருந்திருக்கும் என்று நம்புகிற குரல் அது. அந்தக் குரலைப் பற்றித்தான் நான் இன்று அதிகம் பேசப்போகிறேன்.

புத்தகம் என் கைக்கு வந்த கதை இது. என் சித்தப்பா 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர். 1964இல் போட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்படவேண்டியவர்கள் என்று எண்ணிவைத்த 5,25,000 பேரில் அவரும் ஒருவர். கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை. இங்கே கொழுந்து நிறுத்த கையால் அங்கேயும் கொழுந்து நிறுத்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் வாசிப்பில் அவருக்கு நிகராக எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. ஜெயமோகனின் முதல் நாவலான 'ரப்பர்' 1990இல் அகிலன் நினைவுப் பரிசு பெற்று வெளிவந்தபோது அதைத் தேடிப்பிடித்து எனக்கு அனுப்பியவர் அவர்தான். காட்டை அழித்து ரப்பர் வைத்து எழும்பிய ஒரு குடும்பத்தின் ஏற்றமும் இறக்கமும் அந்த நாவல். மரத்தையும் மண்ணையும் அறிந்த கை எழுதியது என்று முதல் அத்தியாயத்திலேயே தெரிந்தது. தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அது சொந்தக்காரர் வீட்டுக் கதையைப் போல இருந்தது.

1999இல் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் கையில் சித்தப்பா 'விஷ்ணுபுர'த்தைக் கொடுத்து விட்டிருந்தார். எண்ணூறு பக்கத்துக்கு மேல். சேலைத்துணியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே ஒரு கடிதம். தமிழில் இப்படியொன்று இதுவரை வந்ததில்லை, நீ கட்டாயம் படிக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அப்போது எனக்குக் கிடைத்த இந்தியச் சஞ்சிகைகளிலும் அந்த நாவலைப் பற்றிய பேச்சுதான். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் அட்டனிலிருந்து வந்து புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், இத வாசிச்சு முடிக்கிறவன்தான் வாசகன்" என்றான். அவன் அதை வாசித்திருக்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அது மாசி மாதம். உடப்புசல்லாவையில் பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் குளிர் எலும்பில் இறங்கும். லயத்தில் எங்கள் ஒற்றை அறையான காம்பராவின் முன்திண்ணையில், இஸ்தோப்பில், படங்குத் துணியைத் தொங்கவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் சாயத்தண்ணியோடு உட்கார்ந்தேன்.

நாவலை வாசிக்காதவர்களுக்காக ஒரு சில வார்த்தைகள். விஷ்ணுபுரம் ஒரு கற்பனை நகரம். செந்நிற நீர் ஓடும் சோனா நதிக்கரையில், பள்ளிகொண்ட விஷ்ணுவின் பேருருவச் சிலையைச் சுற்றி வானளாவ எழும்பிய கோயிலும் அதன் கோபுரங்களும். யுகத்துக்கு ஒருமுறை அந்த விஷ்ணு புரண்டு படுப்பார் என்பது நம்பிக்கை. அந்தச் சிலை உண்மையில் யாருடையது என்று கேட்டால், அங்கே பழங்குடியினருக்கு வேறொரு கதை இருக்கிறது: அது அவர்களுடைய மூதாதை. நாவலுக்கு மூன்று பாகங்கள்: ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி. காலம் நேர்கோட்டில் போகாமல் முன்னும் பின்னுமாக மடிகிறது. ஒரு பாகத்தில் ரத்தமும் சதையுமாக நடமாடுகிறவர் இன்னொரு பாகத்தில் ஐதீகமாகிவிடுகிறார். நடுப்பாகம் முழுக்க ஞானசபை விவாதம். பௌத்தமும் வைதீகமும் ஏனைய தரிசனங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கடைசியில் பிரளயம்.

எனக்குப் பிடித்த இடங்கள் இருந்தன. சங்கர்ஷணன் என்ற கவிஞன் தன் காவியத்தை அரங்கேற்றக் குடும்பத்தோடு அந்த ஊருக்கு வந்து, வாசல் வாசலாகக் காத்திருந்து சிறுமைப்படும் பக்கங்களை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். கோயிலின் அதிகாரம் எளியவர்கள் தலையில் எப்படி இறங்குகிறது என்பதையும் நாவல் மூடி மறைக்கவில்லை. இதையெல்லாம் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது.

ஆனாலும் இருநூறாவது பக்கத்தைத் தாண்டியபோது எனக்குள் ஒன்று நடந்தது. கோபுரம் எழ எழ நான் சின்னவனாகிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பக்கமும் என்னை நிமிர்ந்து பார்க்கச் சொன்னது, கழுத்து வலித்தது. நடுப்பாகத்து விவாதத்தில் இரவிரவாகச் சிக்கிக்கொண்டு கிடந்தேன். முடித்து மூடியபோது ஒரு பெரிய பங்களாவை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்த களைப்புதான் மிஞ்சியது.

உடனே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குறை என்னிடம்தான் என்று நினைத்தேன். எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது, தத்துவம் தெரியாது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இவ்வளவு பெரியவர்கள் புகழ்வது எனக்குப் பிடிபடவில்லை என்றால் அது என் அறிவின் அளவு என்று நினைத்தேன். சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். "இரவு பகலாகப் படித்தேன். மெய் மறந்தேன்" என்று. அது பொய். எனக்குக் கதை சொல்லித்தந்த ஒரு மனிதருக்கு நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் பதில் எழுதினார், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று.

அந்த வெட்கத்தோடு பத்துப் பதினைந்து வருடம் படித்தேன். ஜெயமோகனே எழுதிய 'இந்து ஞான மரபில் ஆறு தரிசனங்கள்' படித்தேன். பௌத்த தத்துவ அறிமுக நூல்கள் படித்தேன். சாங்கியம் என்ன சொல்கிறது, சூனியவாதம் எங்கே பிரிகிறது என்பது ஓரளவு விளங்கியது. அந்த வகையில் அந்த நாவலுக்கு நான் கடன்பட்டவன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

2013 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. அந்த நாவலின் பெயரில் இயங்கும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் ஆண்டுதோறும் கொடுக்கும் விருதை அந்த வருடம் கோயம்புத்தூரில் நம்முடைய தெளிவத்தை ஜோசப்புக்குக் கொடுத்தார்கள். பதுளைப் பக்கம் ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். தெளிவத்தை என்ற தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். அவருடைய 'மீன்கள்' கதையை இங்கே பலர் வாசித்திருப்பீர்கள். ஒரே காம்பராவுக்குள் வயதுக்கு வந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பம் முழுவதும் படுத்து எழும்ப வேண்டியிருக்கிற நெருக்கடி. 10க்கு 12 அடி அறை. கதை அதற்குள்தான் நடக்கிறது. வானளாவும் கோபுரத்தின் பெயரிலான விருது அந்த அறையை எழுதியவருக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் அழுதேன். கொடுத்தவர்கள் மேல் எனக்கு நன்றி உண்டு. தமிழ்நாட்டில் நம்மை வாசித்தவர்கள் அதிகம் இல்லாத காலத்தில் அவர்கள் வாசித்தார்கள்.

அந்த வாரமே 'விஷ்ணுபுர'த்தை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை விவாதங்கள் விளங்கின. ஒரு வாதம் எங்கே திரும்புகிறது, எதிராளி எந்த இடத்தில் மடக்கப்படுகிறான் என்பதைத் தொடர முடிந்தது. நுட்பமான வேலைப்பாடு. அப்படியும் ஏமாற்றம் அதே இடத்தில் அப்படியே இருந்தது. அப்போதுதான் என் மனதில் ஒன்று தெளிந்தது. இது என் படிப்பின் குறை அல்ல. நான் கேட்பது வேறு, நாவல் தருவது வேறு.

அந்த இரண்டாம் வாசிப்பில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். புத்தகத்தின் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு. முதல் வாசிப்பிலும் அதைப் பார்த்திருந்தேன். சித்தப்பாவுக்கு மிகப் பிடித்த பக்கம் போலிருக்கிறது என்று எண்ணி அசைக்காமல் வைத்திருந்தேன். இப்போது கொஞ்சம் கூர்ந்து பார்த்தேன். அந்த டிக்கெட் வரைக்கும் பக்கங்களின் வலது கீழ் மூலையில் மங்கலான கறை இருந்தது. கொழுந்துக் கறை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பெருவிரலின் வெடிப்பில் தங்கி நிற்கிற கறை, நம்மில் யாரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வோம். டிக்கெட்டுக்குப் பிறகு ஒரு பக்கத்திலும் அது இல்லை. தாள்கள் வெள்ளையாக இருந்தன.

சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை.

அவர் அவ்வளவு தூரம்தான் நடந்திருக்கிறார். அவரும் குறை தன்னிடம்தான் என்று நினைத்திருக்கிறார். கடலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தோட்டக்காட்டு மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஒரு புத்தகத்தைப் புகழ்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேரில் ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் எங்களுக்குள் எவ்வளவு நல்ல பேச்சு நடந்திருக்கும்! அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

சரி, நான் கேட்டது என்ன? அதைச் சொல்ல நான், சிவன் காமனை எரித்த கதையைத் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்குப் போகவேண்டும்.

மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றியதிலிருந்து பௌர்ணமியில் தகனம் வரைக்கும் தோட்டம் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய மிகுபுனைவு ஒன்று உண்டா? தவத்தில் இருக்கும் சிவன், கரும்பு வில்லும் மலரம்பும், நெற்றிக்கண், வீரபத்திரன், எமன், தூதன். தத்துவமும் அதில் இல்லாமல் இல்லை. ஆசை எரியுமா, எரிந்தாலும் அழியுமா என்பது லேசான கேள்வியா? தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய வாதாடுவார்கள். அது ஞானசபைதான். வெற்றிலை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிற சனம்தான் அங்கே சபை.

எனக்குப் பத்து வயது. எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் காமனின் மனைவி ரதியாக வேடம் கட்டியவர் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஓர் அண்ணன். விரதம் இருந்து மெலிந்திருந்தார். முகத்தில் அரிதாரம், கையில் கண்ணாடி வளையல். ஆனால் முழங்கைக்குக் கீழே தேயிலை வாது கிழித்த கோடுகள் அப்படியே தெரிந்தன. காமன் எரிந்ததும் தப்பு நின்றது. அவர் மண்ணில் விழுந்து புரண்டு அழத் தொடங்கினார். அம்மா என் தோளைப் பிடித்திருந்தார், அந்தப் பிடி இறுகிக்கொண்டே வந்தது. அதற்கு முந்திய வருடம்தான் என் தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போனாள். அப்போது அழாத அம்மா இப்போது வாய்விட்டு அழுதார். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். ஒருவரும் மன்மதனுக்காக அழவில்லை.

அங்கே தத்துவம் துக்கமாக மாறியது. அதைத்தான் நான் கண்டேன். 'விஷ்ணுபுர'த்தில் ஓட்டம் மறுபக்கம். துக்கம் தத்துவமாக மாறுகிறது. ஒரு சாவு நடக்கிறது, ஒரு பெண் கைவிடப்படுகிறாள், ஒரு மனிதன் பைத்தியமாகிறான். அந்த வேதனையின் பக்கத்தில் நாம் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அது படிமமாகிவிடுகிறது, ஐதீகமாகிவிடுகிறது, யாரோ ஒருவர் வாயில் தரிசனமாகிவிடுகிறது. அதுதான் அந்த நாவலின் நோக்கம், மனித வாழ்வு எப்படிப் புராணமாக உறைகிறது என்று காட்டுவது என்று நண்பர்கள் சொல்வார்கள். நோக்கம் எனக்கு விளங்குகிறது. அதை நிறைவேற்றிய திறமையையும் மதிக்கிறேன். ஆனால் புராணமாக உறைந்துபோன ஒன்றை மறுபடி உருக்கி மனிதரிடம் திருப்பிக் கொடுக்கிற கலையில் வளர்ந்தவன் நான். எனக்கு அந்த உறைதல் குளிர்ந்தது.

மிகுபுனைவே எனக்கு ஒத்துவராது என்று யாரும் எண்ணவேண்டாம். 1954–55இல் வந்த டோல்கீனின் 'த லோர்ட் ஒப் த ரிங்ஸ்' நாவலை அகராதி வைத்துக்கொண்டு ஒரு வருடம் வாசித்தேன். அதிலும் பெரிய கோட்டைகளும் யுத்தங்களும் உண்டு. ஆனால் கடைசியில் எரிமலையில் தன் எசமானைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் சிறுபிள்ளை உயரமுள்ள ஒரு தோட்டக்காரன். அங்கேயும் சுமக்கிறவன் வேலைக்காரன்தானா என்ற உறுத்தல் எனக்கு உண்டு. என்றாலும் அவன் பசியும் தாகமும் கால்வலியும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. மலையின் உயரத்தை நான் அவன் காலால் அளந்தேன்.

இரண்டாம் வாசிப்பில் நான் கடைசிப் பகுதிக்கு வந்தது 2014 நவம்பரில். நாள் எப்படி ஞாபகம் என்றால், அதற்குச் சில நாள் முன்னால், அக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பான லயங்களை மூடியது. இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு இடம் இல்லாமல் சனம் அங்கேயே இருந்தது. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

அந்த நாட்களில் 'மணிமுடி'யின் கடைசிப் பகுதி என் கையில் இருந்தது. நகரம் அழிகிறது. மொழி உச்சத்தில் நிற்கிறது, தமிழில் அழிவை அவ்வளவு பேரழகோடு எழுதியவர்கள் குறைவு. என்னால் வாசிக்க முடியவில்லை. நாவலில் பிரளயம் ஒரு வட்டத்தை நிறைவு செய்கிறது. மீரியபெத்தையில் எதுவும் நிறைவு பெறவில்லை. அங்கே எங்களுக்குத் தேவைப்பட்டது யார் யார் அந்த லயத்தில் இருந்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல். நாவல் எழுதப்பட்டது பதினேழு வருடங்களுக்கு முன்னால், இந்தச் சாவுக்கு அது பொறுப்பல்ல, எனக்குத் தெரியும். ஆனால் வாசகன் தன் நாட்களோடுதான் புத்தகத்துக்குள் போகிறான். புத்தகத்தை மூடிவிட்டு, நாலு மாதம் கழித்துத்தான் மிச்சத்தை வாசித்தேன்.

அதே எழுத்தாளர் என்னைத் தொட்ட இடமும் உண்டு. அவருடைய 'வெள்ளை யானை' 2013இல் வந்தது. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சமும், சென்னை ஐஸ்ஹவுஸில் கூலிகள் செய்த வேலைநிறுத்தமும். பஞ்சத்தில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களில் ஒரு பங்குதான் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் சொன்ன மாயக்கதையை நம்பி நடந்தவர்கள் அவர்கள். அந்த நாவலில் பிணங்கள் கிடக்கும் சாலையை வாசித்தபோது என் பூட்டன் நடந்த மண் அது என்று உடம்பு சொன்னது. சித்தப்பா அதை வாசித்திருக்கவேண்டும்.

'விஷ்ணுபுர'த்தைப் புகழ்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நாவல் பெரியது, ஆழமானது, இதை உணராதவர் வாசகரே அல்லர் என்று எழுதும்போது, அந்த வரி எங்கெல்லாம் போய் விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள். சென்னையில் இருக்கிற வாசகர் அதைப் படித்துவிட்டு மறுத்து எழுதுவார். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் இருநூறு வருடம் குனிந்து நின்ற ஒரு சமூகத்தின் வாசகர் குனிந்துகொள்வார். உங்களுக்கு ஏன் பிடித்தது, எந்தப் பக்கத்தில் மனம் நின்றது என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு நாங்களும் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்போம்.

போன வருடம் உயர்தர வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்து புத்தக அலுமாரியைப் பார்த்தாள். அவளுடைய அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறவர். அவள் கண் நேரே அந்தத் தடித்த புத்தகத்தில் போய் நின்றது. கொடுத்தேன். என் அபிப்பிராயத்தை நான் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். என் ஆசிரியர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன்.

"பாதி வெளங்கல சேர்," என்றாள். கொஞ்சமும் கூச்சம் இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "ஆனா அந்தச் செவத்த ஆத்த நெனைச்சாத் தூக்கம் வரல. அந்தச் செல அவங்க மூதாதன்னு சொல்றாங்களே, அதான் சேர் கதையே. மத்தது எல்லாம் அதுக்கு மேல கட்டுனது."

நான் என் ஏமாற்றத்தை அவளிடம் சொன்னேன், இங்கே உங்களிடம் சொன்னதைப் போலவே. காமன் கூத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்ல சேர், நீங்க அந்த மூதாதையப் பாக்காம கோயிலயே பாத்துட்டீங்க" என்றாள்.

அவளுக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அன்று போகும்போது அவள் மறுபடி ஒருமுறை வாசிக்கவேண்டும் என்று புத்தகத்தைக் கேட்டாள், எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பஸ் டிக்கெட்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.